கஞ்சி போட்ட சைக்கிள் உடுப்பு

“இதுக்கா இவள இவ்வளவு படிக்க வச்சே? தலையில சருவப்பானையக் கவுத்திட்டு காட்டுக்குள்ள சைக்கிள் விடவா?”

நான் வாங்கி வந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு சித்தி அம்மாவிடம் கேட்டது இது. சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம்தான் எல்லை. எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருள் வந்தாலும் அது அந்தப் பலாமரத்தைத் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அம்மா அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தலைக்கு உள்ளதாவது அவ வாங்கிட்டா. வாய்க்கு உள்ளது எங்கேயாம் விக்கான்னா சொல்லு, உனக்கு ஒண்ணு வாங்குவோம்.”

சித்தி சிரித்துவிட்டாள். ஆனால் அவள் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, “அவ கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல கேட்டியா. எனக்கும் அதுதான் புரியல்ல” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தவள் நான்தான். அப்பா வளைகுடா நாட்டில் கொத்தனார் வேலை பார்க்கிறார். சின்ன வயதிலேயே கரண்டி பிடித்த கை. அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது சபையின் ஓய்வுநாள் பள்ளியில். அதன்பிறகு அவள் படித்ததெல்லாம் வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும்தான். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். நான் பட்டம் வாங்கி, தக்கலையில் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, “எங்க வீட்டுலயும் ஒரு ஆபீஸ்காரி” என்று அம்மா சொன்னாள். “நீயும் ஆபீஸ்காரிதானே” என்றேன். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

சைக்கிளை என் சம்பளத்தில்தான் வாங்கினேன். பழையது; தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர். கருங்கலிலிருந்து வரும் பஸ் எங்கள் நிறுத்தத்தை அடையும்போதே நிறைந்துவிடும். அதில் தொங்குவதைவிட சைக்கிளில் போகலாம் என்று தொடங்கியதுதான். ஆனால் ஒரு நாள் தார்ச்சாலையை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதையில் விட்டுப் பார்த்தேன். வரிசையாக மரங்கள், மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பால் சிரட்டைகள், சருகு, பள்ளம், வேர், திடீரென்று ஓர் ஓடை. வீட்டுக்கு வந்தபோது உடம்பு முழுக்கத் தொளி, சேறு. அவ்வளவு சந்தோஷமாக நான் அழுக்கானதே இல்லை.

பரிசோதனைக்கூடத்துக்குச் சர்க்கரை பார்க்க வரும் ஓர் அக்கா, வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு, “ஆருக்க சைக்கிள் இது?” என்று கேட்டார். வங்கியில் வேலை செய்பவர். சனிக்கிழமைகளில் மலைப்பாதைகளில் சைக்கிள் விடும் ஒரு சிறு குழுவை அவர்தான் நடத்துகிறார் என்பது அப்புறம் தெரிந்தது. மழை முடிந்ததும் கீரிப்பாறைப் பக்கத்து மலைப்பாதைக்குப் போகப் போவதாகச் சொன்னார். அவர் கையில் ஊசி குத்திக்கொண்டே, “நானும் வரலாமா அக்கா?” என்று கேட்டேன்.

“மொதல்ல வேளிமலை அடிவாரத்துல ஒரு நாள் எங்ககூட விட்டுப் பாரு. முடிச்சிட்டா மலைக்கு வா. ஆனா இப்படி சுடிதாரும் ஷாலுமாட்டு வந்தா நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். தலை, கை, இருக்குத இடம், கால். இந்த நாலுக்கும் உள்ளத வாங்கிட்டு வா.”

இது அக்காவின் நிபந்தனை. அம்மாவின் நிபந்தனை வேறு மாதிரி இருந்தது.

“போ. ஆனா ஒரு தடவ உன் உடம்புல ரெத்தம் பாத்தேன்னு வச்சுக்க, அந்தச் சைக்கிள அன்னைக்கே வித்துப் போடுவேன்.”

“நான் தினமும் எத்தன பேருக்க ரெத்தம் எடுக்கேன்மா.”

“அது அவியளுக்க ரெத்தம். இது நான் தந்தது.”

அந்த மலைக்குப் போக எனக்கு அப்படி ஓர் ஆசை. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான்: சரியானவற்றை வாங்க வேண்டும், விழாமல் வர வேண்டும்.

ஷால் முதலிலேயே போய்விட்டது. பின்சக்கரத்தில் சிக்கி என்னைக் கழுத்தோடு இழுத்த நாளில் அம்மாவே அதைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். அடுப்புத் துணியாக அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பருத்திச் சுடிதார் வியர்வையில் நனைந்தால் உலராது, கனக்கும், தொடையோடு ஒட்டும். பேண்ட் நுனி சங்கிலிக்குள் போய்க் கறுப்பு மை பூசிக்கொண்டு வரும். அதனால் கணுக்காலில் ஒடுங்கிய, சீக்கிரம் உலரும் டிராக் பேண்ட் ஒன்றும், அதே மாதிரித் துணியில் நீளக் கை வைத்த மேல்சட்டை ஒன்றும் வாங்கினேன். கை நீளமாக இருந்தால் முள் கீறாது, கொசுவும் குறையும். அம்மா மெரூன் நிறம் எடு, தொளி தெரியாது என்றாள். நான் மஞ்சள் எடுத்தேன். ரப்பர் தோட்டத்து நிழலில் விழுந்து கிடந்தால் தேடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இந்தக் காரணத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

மற்றவற்றுக்கு நாகர்கோவிலில் அக்கா சொல்லி அனுப்பிய ஒரு சைக்கிள் கடை. கடைக்கார அண்ணன் அதிகம் பேசமாட்டார், ஆனால் அவசரப்படவும் மாட்டார். ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, வாரைப் பூட்டாமல் குனிந்து தலையை ஆட்டச் சொன்னார். மூன்று ஹெல்மெட் தரையில் விழுந்தன. நான்காவது விழவில்லை. “புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம் இருக்கணும். பூ வச்ச மாதிரி பின்னால தள்ளி வைக்காதே” என்றார். கையுறையில் உள்ளங்கைப் பக்கம் தடித்திருக்க வேண்டும், விரல் பக்கம் மெலிந்திருக்க வேண்டும். பிரேக்கைத் தொட்டால் விரலுக்குத் தெரிய வேண்டும். ஷூவுக்கு அடிப்பாகம் தட்டையாக, பெடலில் வழுக்காமல் இருக்க வேண்டும். ஓடுவதற்கென்று நான் வைத்திருந்த மெத்தென்ற ஷூவை அவர் வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

பேட் வைத்த உள் ஷார்ட்ஸ் வந்தபோதுதான் அண்ணன் தடுமாறினார். டிராக் பேண்டுக்கு உள்ளே போடுவது. இருக்கையில் படும் இடத்தில் ஸ்பாஞ்சு தைத்திருக்கும். “இது… இத தனியாட்டு போடணும். அதாவது, இதுக்குள்ள… வேற…” என்று கூரையைப் பார்த்தார். “அந்த அக்காகிட்ட போன்ல கேட்டுக்க மக்கா.” கடை வாசலுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். இதற்குள் வேறு எதுவும் போடக் கூடாது, போட்டால் தையல் உரசித் தோல் போய்விடும் என்று அக்கா ஊருக்கே கேட்கும் குரலில் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. கையில் இருந்த பணத்துக்கு முழங்கால் முட்டுக்குப் போடும் காப்பு வாங்கலாம், இல்லையென்றால் கண்ணாடி வாங்கலாம். “முட்டுக்கு எடு. கண்ணாடி வேணும்னா வெள்ளையாட்டு ஒண்ணு எடு, கறுப்பு தோட்டத்துக்குள்ள வேண்டாம்” என்றார் அண்ணன். நான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, கடைக் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா சொன்ன நான்கில் முட்டு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தக் கண்ணாடியில் நான் நன்றாக இருந்தேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் வீடியோவில் காட்டினேன். சித்தியும் வந்து பின்னால் நின்றுகொண்டாள், அப்பாவாவது திட்டுவார் என்று. அப்பா ஒவ்வொன்றாகக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

“கொள்ளாம், நல்லாருக்கு. இங்க தொப்பி, பூட்ஸ், கையுறை இல்லாம சைட்டுக்குள்ள விடமாட்டான். பி.பி.இ.ன்னு சொல்லுவான். கீழ விழுகவன் வேல தெரியாதவன்னு இல்ல மக்கா. ஆரும் விழுவான்.”

சித்தி, “நல்ல அப்பனும் மகளும்” என்று சொல்லிவிட்டுப் பலாமரத்தைத் தாண்டினாள். அடுத்த வாரம் ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்பா ஒரு சோடி கையுறை கொடுத்து அனுப்பியிருந்தார். கட்டட வேலைக்கானது. போட்டால் விரலை மடக்க முடியாது. கம்பி தூக்கலாம், பிரேக் பிடிக்க முடியாது. கூட ஒளி பட்டால் மின்னும் மஞ்சள் அங்கி ஒன்று. அங்கியை மட்டும் வைத்துக்கொண்டேன். கையுறையை அம்மா தேங்காய் உரிக்கப் பயன்படுத்துகிறாள்.

இனி கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் நல்ல துணி என்றால் கஞ்சி போட்ட துணி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அம்மா உடுத்தும் சேலை, அப்பா விடுமுறையில் வந்தால் கட்டும் வேட்டி, எல்லாம் சோற்றுக் கஞ்சியில் முக்கி, பிழிந்து, விறைக்க உலர்த்தி, தேய்த்து மடித்தவை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் எனக்கு இரண்டு சோடி சீருடைதான். ஆனால் வகுப்பில் என் சீருடை போல மொடமொடப்பு யாருக்கும் இருந்ததில்லை. என் பாவாடை மடிப்பில் விரலை வெட்டிக்கொள்ளலாம் என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். பாடத்தில் அம்மாவால் எனக்கு உதவ முடியாது. மகள் அண்டி ஆபீஸ்காரி வீட்டிலிருந்து வருகிறாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு அவளால் செய்ய முடிந்தது கஞ்சிதான். அதை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அக்காவோடு போக வேண்டிய சனிக்கிழமை காலையில் கொடியிலிருந்து ஷார்ட்ஸை எடுக்கப் போனேன். கொடியில் இல்லை. என் கட்டில் மேல் தேய்த்து வைக்கப்பட்டிருந்தது. தூக்கினேன். இடுப்பும் இரண்டு காலுமாக, உள்ளே ஓர் ஆள் இருப்பதைப் போல அது நின்றது. ஸ்பாஞ்சு பப்படம் மாதிரி விறைத்திருந்தது. தட்டினால் சத்தம் வந்தது.

“அம்மா!”

அம்மா வாசலில் வந்து நின்றாள். முகம் முழுக்கப் பெருமை. “விலை கூடின துணி. அப்படியே தளந்து கெடந்துது. நாலு பேரு வருத எடத்துக்குப் போற, இப்படியா போடுவேன்னு கஞ்சிவெள்ளத்துல முக்கி எடுத்தேன். நடுவுல உள்ள ஸ்பாஞ்சுக்கு ரெண்டு தடவ முக்க வேண்டியிருந்துது, எல்லாத்தையும் குடிச்சிட்டுது.”

துணியோடு வந்த அட்டையில் எப்படித் துவைக்க வேண்டும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. கஞ்சியைப் பற்றி அதிலும் ஒன்றும் இல்லை. அதை எழுதியவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது.

“நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன். நடந்தபோது மொடமொடவென்று சத்தம் கேட்டது.

வேளிமலை அடிவாரத்தில் அக்காவோடு இன்னும் சிலர் காத்திருந்தார்கள். முதல் ஏற்றம் வரை முறத்தின் மேல் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது. அப்புறம் வியர்த்தது. வியர்க்க வியர்க்கக் கஞ்சி மறுபடியும் கஞ்சியாயிற்று. பாதி வழியில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எறும்புகளுக்குச் செய்தி போய்விட்டது. நான் துள்ளி எழுந்ததைப் பார்த்து அக்கா ஓடிவந்தார்.

“என்ன பிள்ளே, பாம்பா?”

“எறும்பு அக்கா. அம்மா கஞ்சி போட்டுட்டா.”

“எதுக்கு?”

“பேடுக்கு.”

அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்து, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தார். பிறகு ஓடைக்கு அழைத்துப் போனார். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, நான் தண்ணீருக்குள் உட்கார்ந்து எழுந்து கஞ்சி போகும்வரை காவல் நின்றார்.

அதன்பின் நன்றாகவே போனேன். இறக்கத்தில்தான் கறுப்புக் கண்ணாடி வேலையைக் காட்டியது. வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழைந்ததும் எல்லாம் இருட்டு. நனைந்த சருகுக்கு அடியில் கிடந்த வேரை நான் பார்க்கவில்லை. முன்சக்கரம் வழுக்கி, சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்தோம். ஹெல்மெட் ஒரு கல்லில் தட்டிய சத்தம் என் காதுக்குள் கேட்டது. உள்ளங்கை தரையில் தேய்ந்துகொண்டே போனது. எழுந்து பார்த்தால், தலைக்கு ஒன்றும் இல்லை, கைக்கு ஒன்றும் இல்லை. டிராக் பேண்ட் கிழிந்து வலது முட்டிலிருந்து ரத்தம் வடிந்தது.

அக்கா கழுவித் துணி கட்டினார். மிச்ச வழியையும் சைக்கிளிலேயே முடித்தேன். “பாதைய முடிச்சிட்ட. எனக்கு சந்தோஷம். ஆனா முட்டுக்குக் காப்பு இல்லாம மலைக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன். நான் மொதல்லயே அஞ்சுன்னு சொல்லியிருக்கணும்” என்றார். அக்கா சொன்னது என்னைப் பயமுறுத்தவில்லை. வீட்டில் அம்மா சொன்னதுதான் வழி முழுக்கக் காதில் இருந்தது. இந்தச் சைக்கிளில் இதுதான் கடைசிப் பயணம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக மிதித்தேன்.

பலாமரத்தடியில் சித்தி நின்றாள்.

“ஏ அக்கா, ஓடி வா! உன் மக ரெத்தம் ஒழுக வாறா! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா!”

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ஓடி வந்தவள் முதலில் முட்டுக் காயத்தைப் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்தாள். வலது கையுறையின் உள்ளங்கைப் பக்கம் தோல் உரிந்து தொங்கியது. அதை மெதுவாகக் கழற்றி, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

அம்மாவின் கை எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை அல்லவா. முந்திரிக்கொட்டை ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்ட இடத்தைச் சுட்டுவிடும். என்னதான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்தாலும் விரலெல்லாம் கறுத்து, அங்கங்கே தோல் வெந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டுதான் ஆராதனையில் உட்காருவாள். அந்தக் கை இப்போது என் கையைப் பிடித்திருந்தது.

“இது கிழியலேன்னா உன் கை கிழிஞ்சிருக்கும்” என்றாள்.

“ஆமாம்மா.”

“தலையில?”

ஹெல்மெட்டைக் காட்டினேன். பக்கவாட்டில் ஒரு வெடிப்பு. அதன்மேல் விரலை வைத்தாள். பிறகு என் முழங்காலைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். இதோ சொல்லப் போகிறாள் என்று நான் நின்றேன்.

“ஏட்டி, தலைக்கு வாங்கத் தெரிஞ்சுது, கைக்கு வாங்கத் தெரிஞ்சுது. முட்டுக்கு உள்ளது ஏன் வாங்கல்ல? கடையில இல்லியா?”

“இருந்துதும்மா.”

“பின்னே?”

சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். அம்மா அதை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு சித்தியிடம் நீட்டினாள். “இந்தா, இத நீ வச்சுக்க. எங்க வீட்டப் பாத்துப் பாத்து உன் கண்ணு வலிக்கும்.”

சித்தி வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் கருங்கல் சந்தைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் எறும்புக் கதையைச் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு முகம் வாடி, “அப்போ கஞ்சி போடக் கூடாதா?” என்றாள். யோசித்து, வியர்வை துடைக்க நான் கொண்டுபோகும் கைக்குட்டைக்குப் போடலாம் என்றேன். அது பருத்தி. இப்போது என் கைக்குட்டையை யாரும் துடைப்பதற்குப் பயன்படுத்த முடியாது, விசிறலாம்.

அடுத்த விடுமுறை நாளில் அம்மா என்னோடு நாகர்கோவிலுக்கு வந்தாள். கஞ்சி போட்ட ஆராதனைச் சேலை. கடைக்கார அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். வெடித்த ஹெல்மெட்டை இனிப் போடக் கூடாது, அது தன் வேலையை முடித்துவிட்டது என்று அவர் சொன்னதும், அம்மா அதைக் குப்பையில் போட விடாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். புதியதை நான் எடுத்தேன். முட்டுக்காப்பை அம்மா எடுத்தாள். ஒவ்வொன்றாக அமுக்கி, வாரை இழுத்து, மணந்துகூடப் பார்த்தாள். ஒன்றைச் சேலைக்கு மேலேயே தன் முட்டில் மாட்டிக்கொண்டு, கடை நடுவில் முழங்கால்படியிட்டாள். அண்ணன் பதறிவிட்டார்.

“அம்மா, என்னம்மா, எந்திரிங்க!”

அம்மா எழுந்திருக்கவில்லை. இடது முட்டில் சாய்ந்தாள், வலது முட்டில் சாய்ந்தாள். அவளுக்கு மூட்டுவலி உண்டு. வேலைக்குப் போகாத வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபத்தில் முழங்காலில் நின்றுவிட்டு வந்தால் அன்று முழுக்க நொண்டுவாள்.

“வலிக்கல்ல மக்களே” என்று என்னைப் பார்த்து ஆச்சரியமாகச் சொன்னாள். “ஜெபத்துக்கும் கொள்ளாம்.”

அந்தச் சோடியையே வாங்கினோம். கடை வாசலில் நின்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: “அஞ்சும் ஆச்சு. மலைக்கு என் பேரை எழுதிக்கோங்க.”

இன்று வெள்ளிக்கிழமை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு முட்டுக்காப்பைத் தேடினேன். பையில் இல்லை, கட்டிலடியில் இல்லை. மதியம் அம்மா ஜெபம் முடிந்து வந்தாள், நொண்டாமல். அவள் நடையைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்க் கழற்றி, மடித்து, என் சைக்கிள் பைக்குள் வைத்தாள்.

நாளைக் காலை மலைக்குப் போகிறோம். ஷார்ட்ஸை நானே அலசி, தளர்ந்தது தளர்ந்தபடியே கொடியில் போட்டிருக்கிறேன். சாயங்காலம் நாகர்கோவிலுக்குப் போய் அதே மாதிரி இன்னொரு சோடி முட்டுக்காப்பு வாங்கிவந்து, அம்மாவின் வேதப்புத்தகப் பைக்குள் வைத்துவிட்டேன்.